பிடியரிசியும் ஐம்பது காசும்

வல்ல இறைவனின் கிருபையால் நம் சங்கம் 50 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. இந்த மலரில் சங்கத்தின் பணிகளையும் தலைவர்களையும் விழாக்களையும் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். இக்கட்டுரையில் நாம் எழுத எடுத்துக்கொண்டது ஒரு பழக்கத்தின் வரலாறு. மீண்டும் பயன்படக்கூடிய எதையும் வீசாமல் மிச்சம் பிடித்து வாழ்ந்த பழக்கம் அது. நம் முன்னோர் ஊரிலிருந்து அதைக் கொண்டுவந்தார்கள். இங்கே தோட்டங்களிலும் துறைமுகத்திலும் கடைகளிலும் அதைக் கொண்டே பிழைத்தார்கள். அவர்கள் பிடித்த மிச்சம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியையும் உடன் வைத்தே இதைச் சொல்ல விரும்புகிறோம்.

தோட்டம் தந்த பெயர்

உட்லண்ட்ஸ் வழியாக ஜோகூருக்குப் போகிறவர்கள் பலருக்கு மார்சிலிங் என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அந்த நிலையம் 1996 பிப்ரவரி 10ஆம் நாள் திறக்கப்பட்டது. வீவக அடுக்குமாடிகள் அதற்கு முன்பே, 1970களில், இங்கே எழத் தொடங்கிவிட்டன. அதற்கும் முன்பு இந்த வட்டாரம் ரப்பர் தோட்டங்களும் அன்னாசிக் காடுகளும் கம்பத்து வீடுகளுமாக இருந்தது.

பெயரும் தோட்டத்தின் வழியாக வந்ததுதான். அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும் வணிகராக விளங்கிய லிம் நீ சூன் (1879–1936) அவர்களின் முன்னோர் சீனாவில் வாழ்ந்த கிராமத்தின் பெயரே மார்சிலிங் ஆயிற்று. பக்கத்து நகரமான ஈசூனும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நீ சூன் என்பதன் மாண்டரின் உச்சரிப்பு அது.

அவர் காலத்துத் தோட்ட முறையிலேயே ஒரு சிக்கனம் இருந்தது. ரப்பர் கன்று நட்டால் அது பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலம் சும்மா கிடக்கக் கூடாது என்று மரவரிசைகளுக்கு நடுவே அன்னாசி நட்டார்கள். அன்னாசி விற்ற பணம் களையெடுப்புக்கும் கூலிக்கும் உதவியது. மரம் வளர்ந்து நிழல் கட்டும்போது அன்னாசியின் காலம் முடிந்துவிடும். பால் வெட்டும் காலம் தொடங்கிவிடும்.

ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும்

ரப்பர் மரம் இந்த மண்ணுக்குரியது அன்று. பிரேசில் காட்டு விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைப் புண்ணாக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கண்டபடி கொத்துவதை விட்டுவிட்டு, ஒரே வெட்டுக்கோட்டின் விளிம்பைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவுவதுதான் அந்த முறை. பட்டை மறுபடி வளரும். அதே மரம் பல்லாண்டு பால் தரும்.

பால் வெட்டுபவரின் கைத்திறன் சீவலின் மென்மையில் இருந்தது. ஒரு தடவைக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போகலாம். கூடுதலாகச் சீவினால் மரத்தின் ஆயுள் குறையும். ஆழமாக வெட்டினால் உள்மரத்தில் காயம் பட்டு, அங்கே பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. எவ்வளவு பால் வந்தது என்பதோடு எவ்வளவு பட்டை போயிற்று என்பதையும் கங்காணி பார்ப்பார்.

விடியுமுன் பெரட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்கி, சில மணி நேரம் கழித்து மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். ஆகவே ஒரு துளி சிந்தினாலும் கணக்கு இடிக்கும்.

பால் எடுத்த பிறகும் வேலை முடியாது. வெட்டுக்கோட்டில் காய்ந்து நூல்போல ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். அதை மறுநாள் வெட்டுமுன் உரித்துக் கூடையில் போட வேண்டும். வாளியில் ஊற்றிய பின் சொட்டிய பால் மங்கிலேயே உறைந்து கட்டிப்பால் ஆகும். மங்கின் சுவரில் ஏடு படியும். மரத்தடியில் சிந்தி மண்ணோடு உறைந்ததும், சீவி விழுந்த பட்டைத் துணுக்கில் ஒட்டியிருப்பதும் உண்டு. இவை அனைத்தையும் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஸ்டோரில் இவற்றைக் கழுவி, உருளைகளில் அரைத்து, பழுப்பு நிறத் தாள்களாக இழுத்து விற்றார்கள். பால் வற்றிய கிழட்டு மரங்களை வெட்டி, ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூண்டுக்கு விறகாக்கினார்கள்.

உலகத்தில் இதைவிடச் சிக்கனமான தொழில் ஏது என்று தோன்றும். ஆனால் ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் கிடைத்த கூலி, பாலுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. மண்ணைக் கிளறிப் பொறுக்கியவரின் வீட்டில் அடுப்பு அதனால் பெரிதாக எரிந்துவிடவில்லை. அந்த மிச்சம் தோட்டத்து முதலாளியின் வரவுக் கணக்கில் ஏறியது. சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசினால் வரலாறு பாதியாகிவிடும்.

மண்ணெண்ணெய்த் தகரம்

தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களில் முஸ்லிம்கள் குறைவு. நம்மவர்கள் பெரும்பாலும் மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, ஒட்டுக்கடை, சில்லறை வணிகம் என்று இருந்தார்கள். வடக்கே தோட்டங்கள் பெருகியதும், செம்பவாங்கில் கடற்படைத் தளம் எழுந்து 1938 பிப்ரவரி 14ஆம் நாள் அதன் பெரிய கப்பல் துறை திறக்கப்பட்டதும், இந்தப் பக்கம் வேலைக்கு வந்த தமிழர்களும் மலையாளிகளும் மிகுந்தார்கள். தோட்டத்து லயத்திலும் கடையின் பின்கட்டிலும் கம்பத்து வீட்டிலும் வாழ்க்கை வேறுவேறாக இருந்தாலும், எங்கும் இருந்த ஒரு பொருள் மண்ணெண்ணெய்த் தகரம்.

நான்கு காலன், அதாவது சுமார் 18 லிட்டர் கொள்ளும் சதுரத் தகரம் அது. இரண்டு தகரங்கள் ஒரு மரப்பெட்டியில் வரும். எண்ணெய் தீர்ந்த பிறகுதான் அதன் உண்மையான உழைப்பு ஆரம்பமாகும். மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் வாளி. மூடி போட்டால் அரிசிப் பானை; எலியும் புகாது, ஈரமும் ஏறாது. பக்கத்தை அறுத்துக் களிமண் பூசினால் அடுப்பு. விரித்துத் தட்டினால் கூரையின் ஓட்டைக்கு ஒட்டு. ஓட்டை விழுந்தால் செடி வைக்கும் தொட்டி. வந்த மரப்பெட்டி பிள்ளைகளின் மேசையாகவும் கடையின் கல்லாவாகவும் ஆனது.

இந்தப் பழக்கம் ஓர் எண்ணெய் வணிகரையே பணிய வைத்திருக்கிறது. 1892இல் மார்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வணிகர், மியூரெக்ஸ் என்ற கப்பலில் மண்ணெண்ணெயைத் தகரத்தில் அடைக்காமல் அப்படியே நிரப்பி, சூயஸ் கால்வாய் வழியாகச் சிங்கப்பூரின் புலாவ் புக்கோம் தீவுக்கு அனுப்பினார். தகரச் செலவு மிச்சமாவதால் எண்ணெயை மலிவாக விற்கலாம், வாங்குகிறவர்கள் தங்கள் பாத்திரத்தைக் கொண்டுவருவார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் கீழை நாட்டு மக்களுக்கு எண்ணெயைப்போலவே தகரமும் தேவைப்பட்டது. அமெரிக்க நிறுவனத்தின் நீலத் தகரங்கள் வீடுகளில் கூரையாகவும் கோப்பையாகவும் உழைத்துக்கொண்டிருந்தன. கடைசியில் சாமுவேல் தகரத் தகடுகளை இங்கே அனுப்பி, உள்ளூரிலேயே சிவப்புத் தகரங்களைச் செய்ய வைத்தார். அந்த வணிகமே பின்னாளில் ஷெல் நிறுவனமாக வளர்ந்தது. காலித் தகரத்தை வீசாத எளிய மக்களின் பழக்கம் உலக வணிகத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது.

தகரத்துக்கு அடுத்தது கோணி. வங்காளத்துச் சணல் சாக்கில் அரிசி வந்தது. அரிசி தீர்ந்த சாக்கு கடை வாசலில் மிதியடி, மழைக்குத் தலைக்கொங்காணி, மூட்டை தூக்குபவரின் தோளுக்கு மெத்தை, கட்டிலில் பாய்க்கு அடிவிரிப்பு. பழைய பொருள் வாங்க வீடு வீடாக வருபவரைச் சிங்கப்பூரில் இன்றும் ‘காராங் குனி’ என்கிறோம். அந்த ‘குனி’ நம் கோணியின் உறவுச் சொல்தான். அவர் தோளில் தொங்கிய சாக்கே அவருக்குப் பெயரானது.

ஒட்டுக்கடையில் கெட்டிப்பால் டின்னில் கயிறு கட்டி, அதில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். கச்சான் பூத்தே விற்றவர்கள் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை போட்டார்கள். சாப்பாடு வாழை இலையிலும் பாக்கு மட்டையிலும் மடிந்து வந்தது. கைலி கிழிந்தால் ஓரம் தைத்தார்கள். மறுபடி கிழிந்தால் குழந்தைக்குத் தொட்டில் கட்டினார்கள். அதற்கும் ஆகாதபோது தலையணை உறை, பிறகு அடுப்படித் துணி. ஒரு கைலி குப்பைக்குப் போவதற்குள் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.

தறிக்கும் வயிற்றுக்கும் கஞ்சி

இந்தக் கைப்பழக்கம் ஊரிலிருந்து வந்தது. சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களில் குடும்பத்தோடு வந்து குடியேறியவர்கள் என்று வரலாற்றில் தனித்துக் குறிப்பிடப்படுபவர்கள் கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த அந்த ஊர்கள், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. கடையநல்லூரில் பல குடும்பங்களுக்குக் கைத்தறியே தொழில்.

தறி, வீணாக்காமையைக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம். ஒரு பாவு முடிந்தால் அதன் நுனியை அறுத்து எறிய மாட்டார்கள். தறியில் விட்ட பழைய நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைப்பார்கள். நூற்றுக்கணக்கான இழைகளை மறுபடி ஒவ்வொன்றாகக் கோக்கும் வேலை அதனால் மிச்சம். பாவுக்கு விறைப்பேற்ற அரிசிக் கஞ்சி போடுவார்கள். வீட்டுக்காரர்களின் வயிற்றுக்குப் போகும் கஞ்சியும் தறிக்குப் போகும் கஞ்சியும் ஒரே அரிசியிலிருந்து வருவதால், எதையும் கொட்ட மனம் வராது. அறுந்த நூல் துண்டுகள் திரியாகும், கயிறாகும்.

சிங்கப்பூர் வந்த பிறகு தஞ்சோங் பகார் அவர்களுடைய ஊரானது. ஆண்கள் பலர் துறைமுகத்தில் கூலிகளாக உழைத்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். சமூகத்தில் பெண்கள் வீட்டில் இருந்தபடியே ஈட்டிய அந்தக் காசு, ஆண்களின் கூலியோடு சேர்ந்து குடும்பத்தைத் தாங்கியது. இந்தச் சமூகம் 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. மூட்டை தூக்கியவர்களும் மசாலா அரைத்தவர்களும் நிறைந்த ஒரு சமூகம் பள்ளிக்கூடம் நடத்தியது என்றால், அதன் பின்னால் எத்தனை வீடுகளின் மிச்சம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பிடியரிசி என்பார்கள். உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது வழக்கம். ஒரு பிடி குறைந்ததால் அன்று யாரும் பசியோடு எழுந்திருக்க மாட்டார்கள். வாரமோ மாதமோ கழித்துப் பார்த்தால் பானை நிறைந்திருக்கும். அது பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். தமிழகத்துக் கிராமங்களில் எல்லாச் சமயத்தாரிடமும் இருந்த வழக்கம் இது. தோட்டத்து ஒட்டுப்பாலும் துளித் துளியாகச் சேர்ந்ததுதான், பிடியரிசியும் அப்படித்தான். ஒட்டுப்பால் முதலாளியிடம் போனது. பிடியரிசி ஊருக்குப் போனது.

மந்தமும் போரும்

விரும்பிச் செய்யும் சிக்கனம் வேறு, வேறு வழியின்றிச் செய்யும் சிக்கனம் வேறு. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை படுத்துவிட்டது. கூலி குறைந்தது, தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன, மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு, 1945 செப்டம்பர் வரை இருந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தயங்குவார்கள். அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. துணி வரத்து நின்றுபோனதால் தோட்டங்களில் கோணிச் சாக்கையே உடுத்தினார்கள். சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

அந்த நாட்களின் கோணி உடையைச் சிக்கனத்தின் சிறப்பாக யாரும் பாடிவிடக் கூடாது. வறுமை வேண்டத்தக்கது என்று நம் மார்க்கமும் சொல்லவில்லை. ஆனால் தகரத்தையும் சாக்கையும் தேங்காய்ச் சிரட்டையையும் பயன்படுத்தத் தெரிந்தவர்களின் கை, பஞ்சம் வந்தபோது செயலற்றுப் போகவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காதபோது தேங்காயெண்ணெய் விளக்கு எரிந்தது. விளக்குத் தட்டு பழைய தகரம்தான்.

சிக்கனமும் கஞ்சத்தனமும்

பிள்ளைகள் இன்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பழைய தயிர்ப் பெட்டியைக் கழுவி வைக்கும் பாட்டியைப் பார்த்து, இது கஞ்சத்தனம் இல்லையா என்கிறார்கள். நம் மார்க்கம் இதற்குத் தெளிவாகப் பதில் தருகிறது. திருக்குர்ஆனின் 17ஆவது அத்தியாயம் உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்லும் அதே இடத்தில்தான் வீண்விரயத்தைக் கடுமையாகக் கண்டிக்கிறது. 25ஆவது அத்தியாயத்தின் 67ஆவது வசனம், நல்லடியார்கள் செலவழிக்கும்போது விரயமும் செய்ய மாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்ய மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்ற கருத்தைத் தருகிறது. வீணாக்காமை எதற்காக என்றால், கொடுப்பதற்காக.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்ததையும், கிழிந்த ஆடையை ஒட்டுப் போட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். கீழே விழுந்த கவளத்தின் அழுக்கை நீக்கி உண்ணச் சொன்ன ஹதீஸும், ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கக் கூடாது என்ற போதனையும் மதரஸாப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆறு வற்றிவிடும் என்பதற்காக அந்தப் போதனை சொல்லப்படவில்லை. அருட்கொடையை மதிக்கும் குணம், அது மலிந்து கிடக்கும்போதும் இருக்க வேண்டும்.

ஆகவே பாட்டி கழுவி வைத்த பெட்டியை வைத்து அவரைக் கஞ்சர் என்று சொல்ல முடியாது. மறுநாள் அந்தப் பெட்டியில் பக்கத்து வீட்டுக்கு இறைச்சி ஆணம் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் போயிற்று.

ஐம்பது காசு

1970களில் கம்பத்திலும் கடைவீட்டிலும் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடிக்கு வந்தார்கள். தண்ணீரும் மின்சாரமும் வீட்டுக்குள்ளேயே கிடைத்தன, கூரை ஒழுகவில்லை, பிள்ளைகள் மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். இந்த வசதியை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிய வீட்டின் சமையலறைச் சுவரில் ஒரு மூடி இருந்தது. திறந்து போட்டால் குப்பை கீழே போய்விடும். முற்றம் இல்லாததால் தகரத்தை வைக்க இடம் இல்லை. சாக்கு விரிக்கத் திண்ணை இல்லை. கோழி இல்லாததால் மிஞ்சிய சோற்றுக்கு ஆள் இல்லை. பல தலைமுறையாகக் கைமாறிக் கைமாறிப் போன பொருள்களுக்கு அந்த மூடி ஒரு குறுக்குவழியைக் காட்டியது.

வீடுகள் கலைந்து ஊர் மாறியபோது பள்ளிவாசல்களும் தொலைவாகிவிட்டன. தஞ்சோங் பகாரிலும் சைனாடவுனிலும் லிட்டில் இந்தியாவிலும் இருந்த பழைய பள்ளிகள், வடக்கே குடியேறியவர்களுக்கு எட்டாத தூரம். புதிய நகரங்களில் பள்ளிவாசல் கட்ட 1975இல் முயிஸ் அமைப்பின் பொறுப்பில் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் ஊழியர்களின் மத்திய சேம நிதி வழியாக மாதம் 50 காசு கழிக்கப்பட்டது. ஆண்டுக்கு 6 வெள்ளி. அன்றும் அது பெரிய தொகை அன்று. கப்பல் பட்டறைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, எழுத்தர், ஆசிரியர் என எல்லாரும் கொடுத்தார்கள். மலாய்க்காரர், தமிழர், மலையாளி, குஜராத்தி என்ற பிரிவு இல்லாமல் சேர்ந்த பணம் அது.

அந்த நிதியில் முதலில் எழுந்தது 1977இல் தோ பாயோவின் முஹாஜிரின் பள்ளிவாசல். அடுத்தடுத்து எழுந்தவற்றில் ஒன்று, 1980இல் அட்மிரல்டி சாலையில் திறக்கப்பட்ட அன்நூர் பள்ளிவாசல். மார்சிலிங் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் போகும் பள்ளி அது. அதன் தூண்களில் யாருடைய பெயரும் பொறிக்காத 50 காசுகள் இருக்கின்றன. ஊரில் பானையில் விழுந்த பிடியரிசி, இங்கே சம்பளச் சீட்டில் ஒரு வரியாக மாறியிருந்தது.

நம் சங்கமும் இதே குணத்தில் வளர்ந்தது. சந்தா, ஒரு வீட்டுப் பிள்ளையின் பாடநூல் அடுத்த வீட்டுக்குப் போனது, மணவீட்டுக்கு வாடகையின்றிக் கொடுத்த பாத்திரங்கள், ஜனாஸா வீட்டுக்கு எல்லாரும் சேர்ந்து சமைத்த சோறு என்று எண்ணினால், இவற்றில் எதுவும் செல்வந்தர் ஒருவரின் கொடையால் நடந்ததில்லை.

இன்றைய மிச்சம்

இன்று நம் வீட்டுச் சுவர் மூடிக்குள் போவது எங்கே சேர்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் செனோக்கோ ஆலை 1992இல் நம் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கப்பட்டது. எரித்த சாம்பல் படகில் ஏறிப் புலாவ் செமக்காவுக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கொட்ட இந்தத் தீவில் வேறு இடம் இல்லை. 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உண்டான உணவுக் கழிவு சுமார் 744,000 டன். அதில் மறுபயனீடு கண்டது 18 விழுக்காடு. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அந்த 5 காசுக்குப் பிறகுதான் பலர் வீட்டிலிருந்து பை கொண்டுபோகத் தொடங்கினார்கள். மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போன தலைமுறைக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

நம் சமூகத்தில் இந்தக் கேள்வி சோற்றுத் தட்டில்தான் முதலில் வருகிறது. ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கொடுக்கும்போது முன்பெல்லாம் தூக்குச் சட்டியும் டிபன் கேரியரும் வரிசையில் நிற்கும். இப்போது பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கப்படுகின்றன. கஞ்சி ஒரு வேளையில் தீர்ந்துவிடும், டப்பா தீராது. ஊரில் ஒரு ஸஹனைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து உண்டால், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். தட்டில் எதுவும் நிற்காது. மண்டபத்துப் பந்தியில் ஆளுக்கொரு தட்டு வந்த பிறகு பாதி பிரியாணி திரும்பிப் போகிறது. பசித்தவர் இந்த நாட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டு அதை வீச வேண்டாம். விடுதிகளில் தங்கி உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் நம் வட்டாரத்துக்கு அருகிலேயே இருக்கிறார்கள். பந்திக்கு முன்பே அவர்களுக்கென்று ஒரு சட்டியைத் தனியாக எடுத்து வைத்தால் அது பிடியரிசி. மிஞ்சிய பிறகு தேடிக் கொடுப்பது அந்த மரியாதைக்கு ஈடாகாது.

சங்கத்து நிகழ்ச்சிகளில் இதைத் தொடங்க வேண்டும் என்று உறுப்பினர் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கழுவிப் பயன்படுத்தும் தட்டுகள், வீட்டிலிருந்து கொண்டுவரும் தூக்குச் சட்டி, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சங்கத்தில் சேர்த்து வைக்கும் பாடநூல்கள், சக்கர நாற்காலிகள், நல்ல உடைகள். இவற்றுக்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

இன்னொன்றும் கேட்கிறோம். பெரியவர்களின் தகரப் பெட்டிகளில் பழைய பாஸ்போர்ட்டு, மணியார்டர் ரசீது, ஊரிலிருந்து வந்த நீலநிறக் கடிதம், கப்பல் சீட்டு, சந்தா அட்டை என்று கிடக்கும். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான். உழைத்து வாழ்ந்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் குறைவு. அவர்களின் வரலாறு இந்தத் துண்டுக் காகிதங்களில்தான் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் பல சமூகத்தாரின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில் இருக்கிறது. ஆனால் ஒரு ரசீது அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால், அதற்கு முன் ஒரு பேரனோ பேத்தியோ அதைத் தூக்கி எறியாமல் இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டு எழுதி வையுங்கள். சங்கத்தில் கொடுத்தால் நகல் எடுத்துத் திருப்பித் தருவோம்.

நமக்கு முன் வந்தவர்கள் ஒரு பிடி அரிசியிலும் 50 காசிலும் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் எழுப்பினார்கள். அவர்களின் உழைப்பை இறைவன் ஏற்று, மறுமையில் உயர்ந்த பதவிகளைத் தருவானாக. அவர்கள் மிச்சம் பிடித்துத் தந்ததை வீணாக்காமல் அடுத்த தலைமுறையின் கையில் சேர்க்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.